காதுக்குள்ள பாடுறது ஒண்டு, காய்ச்சல் தாறது வேறொண்டு

போன மாசம் "பூச்சியும் நோயும் பற்றிக் கேள்வி இரிந்தா அனுப்புங்க" எண்டு ஒரு வரிதான் போட்ட, கடிதமும் வட்ஸ்அப் வொய்ஸுமா வந்து குவிஞ்சிட்டுது, மாரி துவங்குற நேரம் எண்டதாலயாக்கும். நான் டொக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிப்போடுறன். மலேரியாத் தடை இயக்கத்தில தோளில டாங்கியைக் கொழுவிக்கிட்டு வீடு வீடா சுவருக்கு மருந்தடிச்சுத் துவங்கி, மறுகா குளம் வாய்க்கால் ஆத்துக்குழி எல்லாம் அகப்பையைப் போட்டுக் குடம்பி, அதான் தண்ணிக்குள்ள இரிக்கிற நுளம்புப் புழு, அள்ளி எண்ணி, முப்பது வருசத்துக்கு மேல பூச்சிக்குப் பின்னால திரிஞ்ச ஆள். பூச்சியைப் பற்றி என்னட்டக் கேளுங்க, மருந்துத் துண்டை டொக்டர்ட்ட காட்டுங்க.

கேள்வி: ஐயா, எங்கட வீட்டில ராவில எல்லாரும் நுளம்பு வலைக்குள்ளதான் படுக்கிற. ஆறு மணிக்கே யன்னல் எல்லாம் சாத்தித் திரியும் கொழுத்திப்போடுவன். அப்பிடி இரிந்தும் மகளுக்கு டெங்கு வந்து அஞ்சு நாள் வார்ட்டில வச்சிரிந்தம். வலைக்குள்ள படுத்த புள்ளைக்கு இது எங்கால வந்தது?
– ஒரு தாய், கல்லடி

பதில்: தங்கச்சி, வலையைக் குறை சொல்லாதீங்க, அது தன்ட வேலையைச் செஞ்சிரிக்கு. ராவில காதடியில வந்து பாடிப் பாடிக் கடிக்கிறது கூடுதலா கியூலெக்ஸ் எண்ட சாதி, கானிலயும் மலசலகூடக் குழியிலயும் பெருகுறது, அந்தச் சத்தத்துக்குத்தான் நாமளும் பயந்து திரி கொழுத்துற. டெங்குவைக் காவுறது ஈடிஸ், அது பகல்காரன். விடிஞ்சு ரெண்டு மூண்டு மணித்தியாலமும், பின்னேரம் பொழுதுபட முந்தியும் அதுக்கு நல்ல பசி, வீட்டுக்குள்ள நிழலும் இருட்டுமா இரிந்தா மத்தியானமும் விடாது. சத்தம் பெரிசாக் கேக்காது, மேசைக்குக் கீழால, கதிரைக்குப் பின்னால வந்து கணுக்காலில குத்தும், நாம ஒரு காலால மற்றக் காலைத் தேச்சுப்போட்டு கதையைத் தொடருவம். உங்கட மகள் காலையில ஏழுக்கும் ஒம்பதுக்கும் இடையில எங்க இரிந்த, பின்னேரம் நாலுக்கும் ஆறுக்கும் இடையில எங்க இரிந்த எண்டு யோசிச்சுப் பாருங்க. வகுப்பறை, டியூசன் கொட்டில், வீட்டு விறாந்தை, அவ்வளவுதான். நீங்க காவல் போட்ட நேரத்துக்கும் அது வந்த நேரத்துக்கும் சம்பந்தமே இல்ல.

உங்களை ஏன் சொல்லுவான், என்ட கதையைக் கேளுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி மார்கழியில என்ட பேரனுக்கு டெங்கு. மறுநாள் டோர்ச் லைட்டோட ஒரு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தம்பி வந்தார், நான் வாசல்ல நின்டு "தம்பி, நானும் இந்த வேலைதான் செஞ்ச, வளவைக் கண்ணாடி மாதிரி வச்சிரிக்கன், நீங்க பக்கத்து வீட்டைப் பாருங்க" எண்டு பெரிய கதை கதைச்சன். அவர் சிரிச்சுப்போட்டு நேரா குசினிக்குள்ள போய் பிரிட்ஜை முன்னுக்கு இழுத்தார். பின்னால அந்த மோட்டருக்கு மேல ஒரு பிளாஸ்டிக் தட்டு இரிக்குமே, ஐஸ் உருகின தண்ணி வடியிறது, அதுக்குள்ள ஒரு கோப்பை தண்ணி, தண்ணிக்குள்ள குடம்பி குதிச்சுக் குதிச்சு ஓடுது. தலை கீழ, வால் மேல, வால் நுனியில இரிக்கிற மூச்சுக்குழாயை மட்டும் தண்ணித் தோலில முட்டிக்கிட்டுத் தொங்கும், லைட் பட்ட உடன எல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு அடிக்குப் போயிரும். முப்பது வருசம் ஊரார் வளவில புழுத் தேடின மனிசன்ட குசினியில! மனிசி இன்னும் அந்தக் கதையை வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிற.

இன்னொண்டு, இந்த நுளம்பு முட்டையைத் தண்ணிக்குள்ள போடாது, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஈரமான சுவரில ஒட்டும். கடுகை விடச் சின்னக் கறுப்புப் புள்ளி, கூர்ந்து பார்த்தாத்தான் தெரியும். அது காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்கா சாகாது. பங்குனியில ஒரு தயிர்ச் சட்டியில ஒட்டின முட்டை ஐப்பசி மழை விழுந்த அண்டைக்குப் பொரிச்சாலும் ஆச்சரியமில்ல, பொரிச்சா ஏழு பத்து நாளில பறக்கும். அதால தண்ணியைக் கவுத்து ஊத்துறது பாதி வேலை, உள்பக்கத்தைத் தும்பு போட்டு உரஞ்சிக் கழுவுறதுதான் மற்றப் பாதி. எங்கட ஊரில ஒரு சாமானைச் சொல்லச் சொன்னா நான் டயரைச் சொல்ல மாட்டன், தயிர்ச் சட்டியைத்தான் சொல்லுவன். எருமைத் தயிர் தின்னுறதில நாம ராசா, சட்டியை மட்டும் வேலியோரம் எறிஞ்சுபோட்டுப் போற. சிரட்டை, யோகட் கப், கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, பாவிக்காத ஆட்டுக்கல், பாவிக்காத கக்கூஸ் பேசின், கரையில நிமிர்த்தி வச்ச தோணி, எல்லாம் அந்தச் சட்டிக்குப் பிறகுதான்.

கேள்வி: எங்கட வீட்டில முதல் வாப்பாக்கு, ஒரு கிழமையால தம்பிக்கு, மறுகா ராத்தாக்கு. டெங்கு ஆளுக்காள் தொத்துற நோயா?
– ஏறாவூர் வாசகர்

பதில்: தொட்டோ, ஒரே கோப்பையில குடிச்சோ தொத்தாது. நடுவில நுளம்பு வேணும். ஆனா ஈடிஸ் ஒராளில வயிறு நிரம்பக் குடிச்சுப்போட்டு ஓரமாப் போய்ப் படுக்கிற சாதி இல்ல, கொஞ்சம் குத்தும், ஆள் அசைஞ்சா எழும்பி மற்ற ஆளுக்குப் போகும், அதால ஒரே நுளம்பு ஒரு குடும்பத்தையே படுக்க வச்சிரும். வாப்பாவைக் கடிச்ச நுளம்புக்குள்ள வைரஸ் பெருகி எச்சிலுக்கு வர எட்டுப் பன்னிரண்டு நாள் எடுக்கும், அதுக்குப் பிறகு அது சாகுமட்டும் ஆபத்துத்தான். நாம கோட்டை விடுறது என்னெண்டா, காய்ச்சல்காரனைப் பகலில முன் விறாந்தையில சாக்குக் கட்டிலில படுக்க வைக்கிற, காத்து வரட்டும் எண்டு. வலையைப் பகலிலயும் போட வேண்டியது அவருக்குத்தான். அவருக்காக இல்ல, உங்களுக்காக.

கேள்வி: வாவிக்குப் பக்கத்தில இரிக்கம். இந்த நுளம்பெல்லாம் வாவியில இரிந்துதான் வருகுதெண்டு அயலில சொல்லுறாங்க. வாவியைத் துப்புரவாக்கினாச் சரியா?
– ஆரையம்பதி வாசகர்

பதில்: வாவி பாவம், அதில மீன் இரிக்கு, அலை இரிக்கு, ஈடிஸ் அங்க போய் முட்டை போட மினக்கெடாது. கரையில கிடக்கிற பிளாஸ்டிக் பெட்டி, ரெஜிபோம் பெட்டி, ஓட்டைத் தோணி, அதுக்குள்ள தேங்குற மழைத்தண்ணிதான் அதுக்கு வீடு. உப்புத்தண்ணியெண்டா பயமில்ல எண்டு மட்டும் நினைச்சிராதீங்க, யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில உப்புக் கலந்த தண்ணியிலயும் டெங்கு நுளம்புக் குடம்பி வளருதெண்டு ஆராய்ச்சிக்காரர் 2011ல எழுதியிரிக்காங்க. கரையோரக் கிணத்தையும் ஒருக்கா எட்டிப் பாருங்க. கப்பி மீன் நாலைஞ்சைப் பிடிச்சு விட்டீங்களெண்டா அது பார்த்துக்கொள்ளும், சோறு போடவும் தேவையில்ல, சம்பளமும் கேக்காது.

கேள்வி: எங்கட றோட்டுக்கு வருசத்தில ஒருக்காத்தான் புகை அடிக்கிறாங்க, அதுவும் ஆருக்கும் டெங்கு வந்தாத்தான். கிழமைக்கு ஒருக்கா அடிச்சா இந்த நோயே வராதே, ஏன் செய்யிறாங்க இல்ல?
– கல்முனை இளைஞர்

பதில்: புகை வந்தா சனத்துக்கு ஒரு சந்தோசம், ஏதோ நடக்குது எண்டு தெரியும், பொடியன்மாரும் பின்னால ஓடுவானுகள். ஆனா அந்த நேரம் பறந்து திரியிற நுளம்புதான் அதில சாகும். தண்ணிக்குள்ள இரிக்கிற குடம்பிக்கு ஒண்டும் ஆகாது, முட்டைக்கும் ஆகாது, நாலு நாளில புது நுளம்பு எழும்பி வந்து உங்களுக்கு குட்மோர்னிங் சொல்லும். நாம வேற புகை மணக்குது எண்டு கதவு யன்னலை அடிச்சுச் சாத்துற, ஈடிஸ் இரிக்கிறதே உள்ளுக்க, அலுமாரிக்குப் பின்னால, தொங்குற உடுப்புக்கு இடையில. கிழமைக்குக் கிழமை ஒரே மருந்தை அடிச்சா அதுக்குப் பழகியும் போயிரும். டி.டி.டி. எண்ட பழைய நுளம்பு மருந்துக்கும் அப்பிடித்தான் நடந்ததெண்டு நான் சேர்விஸுக்கு வந்த காலத்திலயே பெரியாக்கள் சொல்லித் தந்த. டெங்கு வந்த வீட்டைச் சுத்தி உடன அடிக்கிறதில நியாயம் இரிக்கு, வைரஸ் ஏறின நுளம்பைக் கொல்லலாம். மற்றபடி வெறும் வாணவேடிக்கை.

இதோட சேர்த்து, சிரமதானம் எண்டு பேனரோட வந்து, மண்வெட்டியோட நின்டு படம் எடுத்துப்போட்டு, றோட்டோரப் புல்லை வெட்டிப்போட்டுப் போறாங்களே, புல்லில ஈடிஸ் முட்டை போடாது எண்டு ஆராவது ஒருக்காச் சொல்லுங்கப்பா. 2007ல இரிந்து நுளம்பு பெருக விடுறவருக்கு எதிரா 11ஆம் இலக்கச் சட்டம் ஒண்டே இரிக்கு, அது வளவுக்குள்ள கிடக்கிற சிரட்டையைத்தான் தேடுது, புல்லை இல்ல.

கேள்வி: கொழும்புப் பக்கம் நுளம்பைக் கொண்டு வந்து விடுறாங்களாமே, உண்மையா? இரிக்கிறது காணாதெண்டா?
– மட்டக்களப்பு வாசகி

பதில்: உண்மைதான், 2020ல நுகேகொடையிலயும் கொழும்பிலயும் பரீட்சார்த்தமா விட்ட. அந்த நுளம்புக்குள்ள வொல்பாக்கியா எண்ட பக்டீரியா இரிக்கும், அது உள்ளுக்க இரிந்தா டெங்கு வைரஸுக்கு அதுக்குள்ள பெருகுறது கஷ்டம். தாய் நுளம்பில இரிந்து முட்டை வழியா குஞ்சுக்கும் போகும், போகப்போக ஊர் நுளம்பெல்லாம் அந்தச் சாதியா மாறுறதுதான் எண்ணம். கேக்கப் பைத்தியக்காரத்தனம் மாதிரித்தான் இரிக்கு, ஆனா எனக்குப் பிடிச்ச யோசனை.

கேள்வி: 2006 கடைசியில எங்கட ஊரில எல்லாரையும் ஒரு காய்ச்சல் போட்டது, கை கால் மூட்டெல்லாம் பூட்டின மாதிரி. எனக்கு மூண்டு மாசம் விரல் மடக்க ஏலாமக் கிடந்தது. அது டெங்குவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்முனை

பதில்: டீச்சர், அது சிக்குன்குன்யா. அந்த வருசம் மட்டக்களப்பு கல்முனைப் பக்கம் சனம் சுவரைப் பிடிச்சு நடந்தது எனக்கும் ஞாபகம் இரிக்கு. அந்தப் பேரே ஆபிரிக்காவில மக்கொண்டே எண்ட பாஷைச் சொல், உடம்பு கோணிப்போற எண்ட கருத்து, உங்களுக்கு விளங்கும். காவுறது அதே ஈடிஸ்தான். அதாவது அந்தத் தயிர்ச் சட்டியைக் கழுவினா ரெண்டு நோய்க்கும் ஒரே கூலி.

கேள்வி: எங்கட அப்புச்சி உன்னிச்சைப் பக்கம் சேனை வெட்டின காலத்தில ஊரோட மலேரியா எண்டு சொல்லுவார், கசப்புக் குளிசை குடிச்சு காது இரைஞ்ச கதையெல்லாம். இப்ப அந்தப் பேரையே காணல்ல. நுளம்பு குறையல்ல, நோய் எங்க போனது?
– படுவான்கரை வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த மாசம் பேனையே எடுத்த. மலேரியாவைக் காவுறது அனோபிலிஸ், அதிலயும் எங்கட நாட்டில பெரிய கள்ளன் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். இதுக்குக் கான் தண்ணி பிடிக்காது, சட்டி சிரட்டை பிடிக்காது, சுத்தமான தண்ணிதான் வேணும். கச்சான் காத்து அடிச்சு ஆறு வத்துற நேரம் மணலில குழி குழியாத் தண்ணி நிக்குமே, அடி தெரியிற தெளிஞ்ச தண்ணி, நாம அள்ளிக் குடிக்கிறது, அதுதான் அதுக்கு மெத்தை. அகப்பையில அள்ளினா உடன தெரிஞ்சிரும், மற்றக் குடம்பி தொங்கும், அனோபிலிஸ் குடம்பி தண்ணி மேல ஈர்க்குத் துண்டு மாதிரி மட்டமாப் படுத்துக் கிடக்கும். வளர்ந்த நுளம்பு சுவரில இரிந்தா பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு ஆணி அடிச்ச மாதிரி இரிக்கும்.

அந்தச் சுவர்தான் எங்கட வேலையே. ரத்தம் குடிச்ச பொம்பிளை நுளம்புக்குப் பாரம், தூரம் பறக்க ஏலாது, பக்கத்துச் சுவரில குந்தும். அந்தச் சுவருக்கு மருந்தடிச்சு விட்டா குந்தினது செத்துப்போகும். முதல் டி.டி.டி., மறுகா மலத்தியன், மலத்தியன்ட மணம் ரெண்டு நாளைக்குச் சோத்திலயும் மணக்கும், பெத்தாமார் எங்களுக்கு ஏசாத ஏச்சில்ல. நாங்க அடிச்சுப்போட்டு அடுத்த ஊருக்குப் போக முந்தி, மணத்துக்கு எண்டோ பொங்கலுக்கு எண்டோ மண் சுவரைச் சாணகம் போட்டு மெழுகிப்போடுவாங்க, அடிச்ச மருந்து சாணிக்குப் பின்னால போயிரும், நுளம்பு வந்து புதுச் சுவரில ஹாயா இரிக்கும். "ஏன்கா மெழுகின?" எண்டு கேட்டா "நீங்க அடிச்ச அழுக்கை ஆர் கழுவுற?" எண்டு பதில். அவங்களில பிழையில்ல, ஏன் அடிக்கிற எண்டு நாங்க விளங்கப்படுத்தல்ல, கதவைத் தட்டின, அடிச்ச, போன.

1963ல நாடு முழுக்க வெறும் 17 மலேரியா நோயாளிதான். முடிஞ்சுது எண்டு கையைத் தட்டிப்போட்டு வேலையைக் குறைச்சாங்க, 1969ல அஞ்சு இலட்சத்துக்கு மேல வந்து நிண்டுது. மறுகா சண்டைக் காலம், 1999ல ரெண்டரை இலட்சத்துக்கு மேல, அதில பெரும்பங்கு வடக்கு கிழக்கில, அதாவது நம்மட ஆக்கள். ரெண்டு பக்கத்துச் சென்றியிலயும் டாங்கியைத் துறந்து காட்டி, இது குண்டில்ல நுளம்பு மருந்து எண்டு விளங்கப்படுத்திக்கிட்டுப் போய் அடிச்ச நாளெல்லாம் இரிக்கு. காய்ச்சல்காரர்ட விரலில குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து கண்ணாடித் துண்டில பூசி நுணுக்குக்காட்டியில பார்த்து, இரிந்தா மருந்து கொடுத்து, வலை கொடுத்து, அப்பிடியே ஒண்டொண்டாத் தேடிப் பிடிச்சதில கடைசி உள்ளூர் நோயாளி 2012 ஒக்டோபரில. 2016 செப்டெம்பர் 5 உலக சுகாதார அமைப்பு இலங்கை மலேரியா இல்லாத நாடெண்டு அறிவிச்ச.

உங்கட கேள்விக்கு மறுமொழி அதுக்குள்ளதான் கிடக்கு. நுளம்பு போகல்ல, அது இப்பவும் அதே ஆத்துக்குழியில இரிக்கு. அதுக்குக் குடிக்கக் கிடைக்கிற ரத்தத்தில கிருமி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ வேலைக்கோ யாத்திரைக்கோ போய் வந்த ஒராள் ரத்தத்தில கிருமியைக் கொண்டு வந்து உன்னிச்சையில படுத்தாரெண்டா கதை திரும்பத் துவங்க ஏலும். அப்பிடி வெளியில இரிந்து கொண்டு வாறது இப்பவும் வருசா வருசம் நடக்குது. போக முந்தி மலேரியாத் தடை இயக்கத்தில சொன்னா தடுப்புக் குளிசை சும்மாவே தாறாங்க. வந்த பிறகு காய்ச்சல் வந்தா, டொக்டர் கேக்காட்டியும் "நான் இன்ன நாட்டுக்குப் போன" எண்டு வாயைத் துறந்து சொல்லுங்க. அதோட 2016 கடைசியில மன்னாரில அனோபிலிஸ் ஸ்டெபென்சி எண்ட புதுச் சாதி ஒண்டும் பிடிபட்டிரிக்கு, மறுகா யாழ்ப்பாணத்திலயும். அது ஆத்துக்குழிக்குப் போகாது, ஊருக்குள்ள கிணத்திலயும் தண்ணித் தொட்டியிலயும் இரிக்கிற ஆள். எனக்குப் பென்சன் எடுத்த பிறகும் நித்திரை வராம இரிக்கிறது அதாலதான்.

கேள்வி: கோயில் சடங்குக்கு அன்னதானம் குடுக்கிற இடத்தில இலையான் எண்டா சொல்லி வேலையில்ல. போன முறை கனபேருக்கு வயித்தோட்டம். இலையான் ஒருக்கா இரிந்தா என்ன பெரிசா வந்திரப்போகுது எண்டு சமையல் அண்ணர் கேக்கார். என்ன சொல்லலாம்?
– களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: அண்ணருக்கு ஒரு சீனிக்கட்டியைக் காட்டிச் சொல்லுங்க. இலையானுக்குப் பல்லில்ல, கட்டியா இரிக்கிறதைத் தின்ன ஏலாது. சீனியில குந்தின உடன வயித்துக்குள்ள இரிக்கிறதில கொஞ்சத்தைக் கக்கும், அந்தத் தண்ணியில சீனி கரைய, தும்பிக்கை மாதிரி இரிக்கிற வாயால ஒத்தி உறிஞ்சும். கக்கினதில அது முந்தித் தின்னது இரிக்கும். முந்தித் தின்னது என்னெண்டு நான் சொல்லத் தேவையில்ல, சந்தை மீன் கழிவோ, வளவுக்குள்ள ஆரோ இரிந்த மலமோ. காலெல்லாம் மயிர், அதில ஒட்டிக்கொண்டு வாறது வேற, ருசி பார்க்கிறதும் காலாலதான், அதுதான் எல்லாத்திலயும் ஏறி உழக்கித் திரியிற. இரிந்த இடத்திலயே கழிஞ்சும்போடும். வயித்துளைவு, நெருப்புக்காய்ச்சல், வாந்திபேதி எல்லாத்துக்கும் இது ஒரு வாகனம். நுளம்புக்குள்ள வைரஸ் பெருக நாள் வேணும், இலையானுக்கு அந்த வேலையே இல்ல, காலில ஏத்தி வந்து உங்கட சோத்தில இறக்கிப்போட்டுப் போயிரும்.

பூச்சி மருந்தைச் சமையல் கொட்டிலுக்குள்ள மட்டும் அடிச்சிராதீங்க, அது வயித்தோட்டத்தை விட மோசம். சூட்டில இலையான் முட்டையில இரிந்து பறக்கிற வரைக்கும் ஏழு பத்து நாள்தான். சடங்கு துவங்க ரெண்டு கிழமைக்கு முந்தியே சுத்தாடலில இரிக்கிற குப்பை, மாட்டுச்சாணக் குவியல், எச்சில் இலைக் கிடங்கு எல்லாத்தையும் துப்புரவாக்கி, அண்டண்டைக்குச் சேருற எச்சில் இலையை அண்டைக்கே மண் போட்டு மூடினா பிறக்கவே இடமில்ல. சோத்துக் கிடாரத்தை மூடி வைங்க, கறியை ஆற விட்டு மணித்தியாலக் கணக்கா வைக்காதீங்க. கை கழுவுற இடத்தில சவர்க்காரம் ஒண்டு கட்டித் தொங்க விடுங்க. வயித்தோட்டத்துக்கு இலையானை மட்டும் குற்றம் சொல்லிப்போட்டு, பரிமாறின கையை மறந்திரவும் கூடாது.

கேள்வி: கரப்பத்தான், மூட்டை, பேன், இதுகளால என்ன நோய் வரும்? மற்றது, நுளம்பு எச்.ஐ.வி.யைக் காவாதா?
– அக்கரைப்பற்று, சம்மாந்துறை, திருக்கோவில் எண்டு நாலைஞ்சு பேர்

பதில்: எச்.ஐ.வி.யைக் காவாது. அந்த வைரஸுக்கு நுளம்புக்குள்ள பெருக ஏலாது, செரிச்சுப் போயிரும், நுளம்பு குத்துறப்போ உள்ளுக்க விடுறது தன்ட எச்சிலைத்தான், போன ஆள்ட ரத்தத்தை இல்ல. மூட்டைப்பூச்சி கடிக்கும், சொறியும், நித்திரை போகும், ஆளுக்காள் நோய் காவினதா நிரூபிச்சதில்ல. தலைப்பேனும் அப்பிடித்தான், வெக்கம்தான் நோய். கரப்பத்தான் கக்கூஸ் குழியால ஏறி வந்து சட்டி பானையில நடக்கிற சாமான், வயித்து நோய்க் கிருமியைக் காவும், அதோட அதுன்ட கழிவும் உதிர்ந்த தோலும் தூசோட கலந்து முட்டு இரிக்கிற புள்ளைகளுக்கு இழுப்பைக் கூட்டும். கண்டா கத்துறது கரப்பத்தானுக்கு, மெத்தையை நெருப்பு வைக்கிறது மூட்டைக்கு, சும்மா விடுறது ஈடிஸுக்கு. சரி, அதைத்தானே துவக்கத்தில இரிந்து புலம்புறன்.

கேள்வி: வயலுக்குள்ள இறங்குற நாங்க. காய்ச்சல் வந்தா எலிக்காய்ச்சல் எண்டு சொல்லுறாங்க. அதுவும் பூச்சி கடிச்சு வாறதா? போன போகம் மச்சானுக்குக் காய்ச்சலோட இடுப்பில ஒரு கறுத்தப் பொருக்கும் இரிந்தது.
– விவசாயி, சம்மாந்துறை

பதில்: எலிக்காய்ச்சல் பூச்சியால வாறதில்ல. எலி, மாட்டு மூத்திரம் கலந்த சேத்துத் தண்ணி காலில இரிக்கிற வெடிப்பு, காயத்தால ஏறுறது. வயல் துவங்க முந்தி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் டொக்சிசைக்கிளின் குளிசை கேளுங்க, கிழமைக்கு ஒருக்காக் குடிக்கிறது, அவங்க ஆளைப் பார்த்துத்தான் தருவாங்க. மச்சான்ட கறுத்தப் பொருக்கு வேற கதை. பற்றைக்குள்ள திரியிற, கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு மாதிரி ஒண்டு கடிச்ச இடம் நோகாமக் கறுத்துச் சிகரட் சுட்ட மாதிரிப் பொருக்குக் கட்டும், உண்ணிக்காய்ச்சல் எண்டு சொல்லுற. கக்கம், இடுப்பு, தொடையிடுக்கு எண்டு மறைவான இடத்தில இரிக்கும், ஆளும் காட்டாது டொக்டரும் காணமாட்டார். வெக்கப்படாமச் சாறத்தை விலக்கிக் காட்டச் சொல்லுங்க, கண்டுபிடிச்சா மருந்து லேசு. வயலில இரிந்து வாற இன்னொண்டு ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வயல் தண்ணியில பெருகுற நுளம்பு பன்றி, கொக்குகளில இரிந்து காவுறது, அதுக்கு எங்கட புள்ளைகளுக்கு கிளினிக்கில ஊசி போடுறாங்க, கார்ட்டை எடுத்துப் பாருங்க.

கேள்வி: டெங்குக்குப் பப்பாசி இலைச் சாறு குடுத்தா பிளேட்லட் ஏறுமாமே? காய்ச்சல் விட்டா வீட்ட கூட்டி வரலாமா?
– செங்கலடி வாசகி

பதில்: பப்பாசி இலையை நம்பி ஒரு நாளைச் சுணக்கினா அந்த ஒரு நாளில ஆள் போயிரும், அதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். டெங்குவில பயப்பட வேண்டிய நேரம் காய்ச்சல் கொதிக்கிற நேரம் இல்ல, காய்ச்சல் இறங்குற நேரம். மூண்டாம் நாளுக்குப் பிறகு உடம்பு குளிர, "அப்பாடா சுகம்" எண்டு நாம தேத்தண்ணி வைக்கிற நேரம்தான் சிலருக்கு ரத்தக்குழாயால நீர் கசியத் துவங்கும், அது ஒரு நாள் ரெண்டு நாள் நடக்கும். வயித்து நோ, விடாத சத்தி, முரசில மூக்கில ரத்தம், கறுத்த மலம், சலம் குறையிறது, கை கால் குளிர்றது, ஆள் மந்தமாச் சோர்றது, இதில ஒண்டைக் கண்டாலும் விடியட்டும் எண்டு பார்க்காதீங்க, ராவோட ராவா ஆஸ்பத்திரிக்குப் போங்க. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், வளர்ந்தவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ரெண்டு, நாளைக்கு எட்டுக்கு மேல வேண்டாம், புள்ளைக்கு நிறைக்கு ஏத்த அளவு. புரூபன், அஸ்பிரின், மற்ற நோக்குளிசை ஒண்டும் கூடாது, ரத்தப்போக்கைக் கூட்டும். பார்மசியில "காய்ச்சலுக்கும் நோவுக்கும் சேர்த்து ஒண்டு தாங்க" எண்டு கேக்கிற பழக்கத்தை மாரிகாலத்திலயாவது விட்டிருங்க. ரெண்டாம் முறை வாறவங்க இன்னும் கவனம், டெங்குவில நாலு வகை இரிக்கு, ஒண்டு வந்தா மற்றதுக்குக் காவல் இல்ல, ரெண்டாவது கடுமையா வர ஏலும். 2017ல நாட்டில 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல ஆக்களுக்கு வந்தது, அதில ஒருக்கா வந்த கனபேர் இப்ப உங்கட அயலிலயே இரிப்பாங்க.

கேள்வி: மாமா, நான் ஏழாம் ஆண்டு. சயன்ஸ் புரொஜெக்டுக்கு ஹோர்லிக்ஸ் போத்தலில நுளம்புக் குடம்பி வச்சிரிக்கன். அம்மம்மா ஊத்தச் சொல்லி ஏசுறா. எத்தினை நாளில நுளம்பாகும்? ஆம்பிளை நுளம்பா பொம்பிளை நுளம்பா எண்டு எப்பிடித் தெரியும்?
– காரைதீவு மாணவி

பதில்: மகள், முதல்ல போத்தல் வாயை வலைத் துணியால மூடி ரெண்டு ரப்பர் பேண்ட் போடுங்க, மறுகா மிச்சத்தை வாசிங்க. போட்டாச்சா? குடம்பி நாலு தரம் தோல் கழட்டும், வெள்ளைத் தோல் தண்ணியில மிதக்கும், எண்ணலாம். பிறகு கமா மாதிரி வளைஞ்ச கூட்டுப்புழுவாகும், அது ஒண்டும் தின்னாது, ரெண்டு நாளில முதுகு வெடிச்சு நுளம்பு வெளியில வந்து தன்ட தோலிலயே தோணி மாதிரி நின்டு செட்டை காய வைக்கும். அதைப் பார்க்க விடியக்காலம் எழும்புங்க. தலையில தூவல் மாதிரிப் பொசுபொசு எண்டு கொம்பிரிந்தா ஆம்பிளை, அது கடிக்காது, தேன் குடிச்சுக்கிட்டுத் திரியும். மெல்லிசா நூல் மாதிரி இரிந்தா பொம்பிளை. காலில வெள்ளை வளையம் இரிந்தா ஈடிஸ், ஈடிஸிலயும் ரெண்டு சாதி இரிக்கு, முதுகில நடுவில ஒரே ஒரு வெள்ளைக் கோடெண்டா அல்போபிக்டஸ், ரெண்டு பக்கமும் வளைஞ்ச கோடெண்டா ஈஜிப்தி. படம் கீறி டீச்சரிட்ட காட்டின உடன போத்தலோட வெயிலில வச்சு எல்லாம் செத்த பிறகு மண்ணில ஊத்துங்க, கானில இல்ல. அம்மம்மாட்ட, நான் சொன்ன எண்டு சொல்லுங்க, ஏசினது சரிதான், ஆனா இன்னும் நாலு நாள் பொறுக்கச் சொல்லி.